தனியாக எடுத்து வைத்த காசு

2016 நவம்பர் கடைசி. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். ஊர் என்றால் பாலசமுத்திரம். பழனியிலிருந்து மலையைப் பார்த்துப் போனால் கொஞ்ச தூரம், பாலாறு - பொருந்தலாறு அணைக்குப் போகிற பக்கம். வரும் வழியிலேயே இரண்டு ஏடிஎம்களில் நின்று 100 ரூபாய் நோட்டாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த வாரங்களில் 100 ரூபாய் நோட்டு வைத்திருப்பவன்தான் பணக்காரன்.

எதிர்வீட்டு அப்பத்தா கூப்பிட்டு அனுப்பினார். எங்களுக்குச் சொந்தமில்லை. சின்ன வயதிலிருந்து அப்பத்தா என்றே கூப்பிட்டுப் பழக்கம், அவ்வளவுதான். ஓட்டு வீடு, மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கொத்தனார் சில்லறை நோட்டாகக் கொடுத்தால்தான் வருவேன் என்றிருக்கிறார். வங்கி வரிசையில் நிற்க அப்பத்தாவுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. சுருக்குப் பையைத் திண்ணையில் கவிழ்த்தார். 12 வெள்ளி ரூபாய்கள்.

“எங்க மாமியா குடுத்தது சாமி. அவங்களுக்கு அவங்க மாமியா குடுத்தது. பழனியில நகைக்கடையில கேட்டா கழிவு போட்டுத்தான் எடுப்பாங்களாம். நீதான் இதெல்லாம் சேக்குறவனாச்சே.”

ஆமாம், நான் சேர்ப்பவன். பொறியியல் கல்லூரி இரண்டாம் வருஷத்திலிருந்து. பாலித்தீன் உறை, பூதக்கண்ணாடி, பாக்கெட் தராசு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் 1917, 1918, 1919. இரண்டில் விக்டோரியா. ஒன்பதாவதோ பத்தாவதோ எடுத்தபோது ஆண்டைப் பார்த்தேன். 1911.

முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எல்லாவற்றையும் எடை போட்டேன். 139 கிராம் சொச்சம். கிராமுக்கு 40 ரூபாய் வைத்து, கழிவு பிடிக்காமல், முழுசாக 5,600 ரூபாயை 100 ரூபாய் நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தேன்.

“எல்லாம் ஒரே வெலைதானா சாமி?” என்று கேட்டார்.

“வெள்ளி இன்னைக்கு இந்த வெலைதான் அப்பத்தா” என்றேன்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த 1911-க்கு மட்டும் அன்றைக்கே 3,000 ரூபாய் கொடுக்க எனக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அதையும் நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லாத வாக்கியத்தைப் பற்றியது.

*

1911-இல் அப்படி என்ன?

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் அச்சடித்த முதல் ரூபாய் அது. ராஜா போட்டிருக்கும் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. செதுக்கியவர் கைக்கு அந்த யானை சரியாக வரவில்லை. துதிக்கை குட்டையாகிப் பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்தது. முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு கிளம்பியது. அரசு அச்சை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு துதிக்கையைத் தெளிவாக்கிப் புது அச்சு போட்டது. 1911-இல் அடித்ததில் ஒரு பகுதிதான் மக்கள் கைக்குப் போனது, மிச்சம் உருக்கப்பட்டது. சேகரிப்பவர்கள் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்பார்கள். நகக்கண் அளவு யானை. அதைத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை.

இப்படித் தெரிந்துவைத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெருமையே. அமெரிக்காவின் ஆரம்பகால வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பவர்களைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1794 தொடங்கி 1836 வரை அங்கே அடித்த அரை டாலர்களுக்கு அச்சுகளைக் கையால்தான் தயார் செய்தார்கள். நட்சத்திரங்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்ததால், ஒரே ஆண்டுக் காசுகளிலும் அச்சுக்கு அச்சு வித்தியாசம். ஒன்றில் கடைசி நட்சத்திரம் கொஞ்சம் தள்ளியிருக்கும், இன்னொன்றில் ஆண்டின் ஓர் எண் சாய்ந்திருக்கும். ஆல் ஓவர்டன் என்பவர் இந்த வேறுபாடுகளை வரிசைப்படுத்தி 1967-இல் ஒரு புத்தகமே போட்டார். இன்றைக்கும் அந்தக் காசுகளை ஓவர்டன் எண் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். வியாபாரியின் பெட்டியில் சாதாரண விலை ஒட்டிக் கிடக்கும் அரிய அச்சை அடையாளம் கண்டு, வாய் திறக்காமல் காசைக் கொடுத்து வாங்கி வருவது அவர்களிடையே வெற்றிக் கதை. கேட்பவர்களும் கை தட்டுவார்கள்.

நானும் அந்த மாதிரிக் கதைகளைக் கை தட்டிக் கேட்டவன்தான். ஆனால் 1911-ஐ வாங்கி வந்த கதையை நண்பர்களிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், “எங்கே கிடைச்சுது?” என்ற கேள்விக்கு “ஒரு பழைய கடையில்” என்றே சொன்னேன். அப்பத்தாவிடம் சொன்னதில் பொய் இல்லை. நண்பர்களிடம் சொன்னதில் இருந்தது. தப்பே செய்யாத ஆள் எதற்காக இடத்தை மாற்றிச் சொல்ல வேண்டும்? என்னை முதலில் உறுத்தியது இதுதான்.

*

உறுத்தல் வந்தால் படித்தவன் செய்கிற முதல் வேலை, தன் பக்கம் சட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. நானும் பார்த்தேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில் மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பதுதான் பொது விதி. சட்டம் எழுதியவர்கள் அதோடு விடாமல் கதை மாதிரிச் சில உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் குறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி இல்லை. இரண்டு வியாபாரிகளில் ஒருவருக்கு மட்டும் விலை மாறப்போவது தெரியும். அதை அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. படித்ததும் எனக்கு நிம்மதி. நானும் அந்த வியாபாரி மாதிரிதானே?

ஆனால் அதே பட்டியலில் வேறு இரண்டு குதிரைகளும் நிற்கின்றன. வாங்குபவர், “நீ இல்லையென்று மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். அங்கே மௌனமே பேச்சுக்குச் சமம். “எல்லாம் ஒரே வெலைதானா சாமி?” என்ற கேள்வி இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்றில் குதிரையை வாங்குவது, இப்போதுதான் பருவ வயதை எட்டிய விற்பவரின் சொந்த மகள். அங்கே அந்த உறவே சொல்லும் கடமையைக் கொண்டுவந்துவிடுகிறது.

எனக்கு இந்த மகள் உதாரணம்தான் தொண்டையில் நின்றது. அப்பத்தா எனக்குச் சொந்தமில்லை என்று மேலே எழுதினேன். நீதிமன்றத்தில் அது சரியான வாக்குமூலம். ஆனால் அவர் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட்டார், நான் அவரை ‘அப்பத்தா’ என்று கூப்பிட்டேன். நம் ஊர்களில் முன்பின் தெரியாதவரைக்கூட அண்ணே, அக்கா என்கிறோம். அதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லால்தான் அவர் திண்ணைவரை வந்தேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் நகைக்கடைக்குப் போகாமல் என்னைக் கூப்பிட்டார். பேரனாக உள்ளே நுழைந்து, எடை போடும்போது மட்டும் வியாபாரியாக மாறிக்கொண்டேன். கழிவு பிடிக்கவில்லை என்று பெருமைப்பட்டேனே, அதுவும் பேரன் வேஷத்தில் சேர்த்தி.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன் சிசரோ ஒரு கதையைப் போட்டு விவாதிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? டயோஜெனஸ் என்ற தத்துவவாதி, வேண்டியதில்லை என்கிறார்: மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். நம் திருக்குறளும் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகரிடம் கொண்டுபோய்த்தான் முடிக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேணு என்பதே அங்கே வணிகத்துக்குச் சொல்லப்படும் இலக்கணம்.

ஆனால் டயோஜெனஸ் கட்சியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வக்கீலாக நானே வாதாடுகிறேன். அந்த யானையைத் தெரிந்துகொள்ள நான் பத்து வருஷம் செலவழித்தேன். புத்தகம் வாங்கினேன், போலிக் காசு வாங்கி ஏமாந்தேன், கண்காட்சி கண்காட்சியாக அலைந்தேன். மென்பொருள் வேலையிலும் இதுதான் நடக்கிறது. நான்கு பேர் இரண்டு நாள் தேடியும் கிடைக்காத பிழையை ஒருத்தர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தால், அவருக்குப் பத்து நிமிஷக் கூலியா கொடுப்போம்? அறிவுக்கு விலை உண்டு. அந்த 1911 நகைக்கடைக்குப் போயிருந்தால் மறுநாளே உருகிக் கொலுசாகியிருக்கும். நான் பார்த்ததால்தான் அது 3,000 ரூபாய். ஆகவே அந்தக் கூடுதல் பணம் என் கண்ணுக்குக் கிடைத்த கூலி.

இந்த வாதம் பல வருஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதை உடைத்தது மீதிப் பதினொன்றில் இருந்த ஒரு சாதாரணக் காசு.

*

1918-இல் அடித்த ரூபாய் மாதிரி மலிவாகக் கிடைப்பது வேறில்லை. கோடிக்கணக்கில் அடித்தார்கள். பின்பக்கம் தாமரைக்குக் கீழே பொட்டு மாதிரி ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. சேகரிப்பவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். முதல் உலகப்போர் நடக்கும்போது இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் சும்மா தேடிப் பார்த்தேன்.

போருக்காக பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கு சரக்காக வாங்கியது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் வெள்ளி ரூபாய் வேண்டும். 1917 நவம்பரில் முதன்முதலாக ஒரு ரூபாய்க்குத் தாள் நோட்டு அடித்தார்கள். ஜனங்களுக்குத் தாள் மேல் நம்பிக்கை வரவில்லை; கையிலிருந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வெள்ளி கேட்டார்கள். 1918 வசந்தத்தில் கருவூலத்தில் வெள்ளி தீர்ந்துபோகிற நிலை. அப்போது பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரல் 23 அன்று அங்கே பிட்மன் சட்டம் நிறைவேறியது. கருவூலத்தில் குவிந்து கிடந்த வெள்ளி டாலர்களில் 27,02,32,722-ஐ உருக்கினார்கள். அதில் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறி, ரூபாயானது.

ஒரு டாலரில் சுத்த வெள்ளி 24.06 கிராம். ஒரு ரூபாயில் 10.69 கிராம். அதாவது ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய். எங்கள் தெருத் திண்ணையில் நான் எடை போட்ட அந்த 1918-களில் அமெரிக்க டாலர் உருகிக் கலந்திருக்க நிறையவே வாய்ப்புண்டு.

இந்தக் கதைக்கு மறுபாதி அமெரிக்காவில் இருக்கிறது. எந்த ஆண்டு டாலர் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால் அங்கே அந்த மார்கன் டாலர்களைச் சேகரிப்பவர்களுக்கு, அச்சடித்த எண்ணிக்கையைப் பார்த்து எது அரிது என்று சொல்ல முடியாது. ஏடுகளில் லட்சக்கணக்கில் இருக்கும் ஆண்டு, சந்தையில் தேடினால் கிடைக்காது. அங்கே சில காசுகள் அரிதானதற்கு ஒரு காரணம், இங்கே ஒரு சம்சாரி தாளை நம்பாமல் வெள்ளி கேட்டது. இங்கே காசு மலிவாக இருப்பதும் அங்கே காசு கிராக்கியாக இருப்பதும் ஒரே உலையில் நடந்த ஒரே வேலை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரிது என்பது காசின் குணம் இல்லை. வெள்ளி அதே வெள்ளிதான், எடை அதே எடைதான். மற்றதெல்லாம் உருகிப்போக, இது உருகாமல் நின்றது என்பதுதான் அரிது. 1794-இல் பிலடெல்பியா நாணயச் சாலை ஒப்படைத்த முதல் வெள்ளி டாலர்கள் 1,758. அவற்றில் ஒன்று 2013-இல் 1 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த ஏலத்தொகையில் வெள்ளிக்கான விலை காதளவுகூட இல்லை. அதைச் செலவழிக்காமல், உருக்காமல், தேய்க்காமல் வைத்திருந்த கைகளுக்கான விலை அது.

அப்படியென்றால் 1911-ஐ உருக்காமல் வைத்திருந்தது யார்?

நான் இல்லை. 1940-களின் தொடக்கத்தில் அரசு வெள்ளியின் அளவைக் குறைத்துப் புது ரூபாய் போட்டது. இந்தப் பழைய ரூபாய்களைப் படிப்படியாகச் செல்லாது என்று அறிவித்தது. ஆமாம், அப்போதும் ஒரு செல்லாத காலம் இருந்தது. ஊரே கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு மாமியார் கொடுக்கவில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கி, எங்கும் பழைய வெள்ளிக் காசுகள் மூட்டை மூட்டையாக உருகியபோது இந்த அப்பத்தா விற்கவில்லை. நடுவில் எத்தனை கல்யாணம், எத்தனை கொலுசு, எத்தனை வறட்சி. ஒவ்வொரு தடவையும் ஒருத்தி அந்தச் சுருக்குப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிச்சுப் போட்டிருக்கிறாள். அந்த 3,000 ரூபாய் உருவானது அங்கேதான். நான் செய்தது அதைப் படித்தது மட்டும். கடிதத்தைப் படித்துச் சொல்கிறவனுக்குப் படிப்புக்கூலி கொடுக்கலாம். மணியார்டர் பணத்தை அவன் எடுத்துக்கொள்ள முடியுமா?

எனக்கு இதில் கிடைத்த பதில் இவ்வளவுதான். அறிவுக்கு விலை உண்டு, அதை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கூலி என்றால் கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும். “அப்பத்தா, இதுல ஒண்ணு 3,000 போகும், வித்துக் குடுத்தா எனக்கு 500 குடுங்க” என்று நான் கேட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார். அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்ட பிறகு அதற்குக் கூலி என்று பெயர் வைத்தேன்.

அப்படியானால் வியாபாரியின் பெட்டியில் அரிய அச்சைக் கண்டுபிடிப்பவரும் குற்றவாளியா என்று நண்பன் கேட்டான். இல்லையென்றுதான் நினைக்கிறேன். அந்த வியாபாரிக்கும் அதே ஓவர்டன் புத்தகம் கிடைக்கும், நாளைக்கு அவர் வேறொருவரிடம் ஜெயிப்பார். ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருவர். அப்பத்தா ஆட்டத்துக்கே வரவில்லை. அவர் ஓடு மாற்ற வந்தார்.

எங்கள் பக்கம் மண்ணுக்குள்ளும் காசு உண்டு. 1856-இல் பழனிக்குப் பக்கத்துக் கலையம்புத்தூரில் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. மண்ணில் கிடைப்பதற்கு 1878-இலேயே புதையல் சட்டம் போட்டுவிட்டார்கள். கண்டெடுத்தவன் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். சுருக்குப் பையில் கிடைப்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

போன தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனபோது காசை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அப்பத்தாவுக்குக் கண் மங்கியிருக்கிறது, பேச்சு மங்கவில்லை. உறையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து, யானைக் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“இந்த ஒண்ண மட்டும் நீ சட்டைப் பையில போட்ட. மத்ததெல்லாம் பைக்குள்ள போட்ட. அப்பவே பாத்தேன்.”

எனக்குக் காது சுட்டது. “அப்ப ஏன் அப்பத்தா கேக்கல?”

“ஒரே வெலைதானான்னு கேட்டேனே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

காசைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மருமகளிடம் கொடுத்தால் நாளைக்கே விற்றுவிடுவாள், உன்னிடம் இருந்தால் இருக்கும் என்றார். வித்தியாசப் பணத்தை மட்டும் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அன்னிக்கு வெலையா, இன்னிக்கு வெலையா?” என்றார்.

“இன்னிக்கு வெலைதான் அப்பத்தா.”

எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்துத்தான் இடுப்பில் செருகினார். கிளம்பும்போது பின்பக்கம் பார்த்தேன். முன்வீடு முழுக்கப் புது ஓடு. பின்னறைக்கு மட்டும் தகரம்.

“அதுக்கு அன்னிக்குக் காசு பத்தல சாமி” என்றார், நான் கேட்காமலே. “வெயில்னா உள்ள படுக்க முடியாது. இனி மாத்திக்கலாம், விடு.”

விடு என்று அவர் சொல்லிவிட்டார். ஏழெட்டு கோடை அந்தத் தகரத்துக்குக் கீழே போயிருக்கிறது. அந்தக் கோடைகளுக்கு இன்னிக்கு வெலை என்ன என்று எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.